கன உலோகத் தண்ணீர்ப் பரிசோதனை: தென்சென்னை ஆய்வகச் சேவை எப்படி?

போர் தண்ணீரில் ஈயம், ஆர்சனிக், குரோமியம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் தனியார் ஆய்வகங்கள் சென்னையில் பல உண்டு. இங்கே பேசுவது, தென்சென்னையில் வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துப் போகும் ஒன்றைப் பற்றி. கருவி முதல் தரம். மாதிரி எடுப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எதைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை நாமே கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ‘குடிநீர் பேக்கேஜ்’ என்பது பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு), டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு), கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, கிருமிகள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஈயம், காட்மியம் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம். கையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500 ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போலப் பத்து மடங்கு கலந்தாலும், 600 மில்லிகிராம் காட்டும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது.

இவர்களிடம் இருப்பது ஐசிபி-எம்எஸ் கருவி; தனிமங்களை அவற்றின் நிறையை வைத்துப் பிரித்து அளப்பது. ஈயத்தை வரம்பில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். கடலோரப் பகுதிக்காரர்கள் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு, கருவியின் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து ஆர்சனிக்கின் அதே நிறை எண்ணில், 75இல், வந்து நிற்கும். இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தெரியும். இந்தப் போலிக் கலவையை வடிகட்டும் ஹீலியம் மோதல் அறையை இயக்கி அளந்தால் இது பெரும்பாலும் அடங்கும். கேட்டதும் இதை விளக்கமாகச் சொன்னார்கள். அந்த அறிவுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

இனி குறை. உலோகத்துக்கு ஆசிட்டில் கழுவிய எச்டிபிஇ (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) பாட்டில் வேண்டும். நைட்ரிக் ஆசிட் விட்டு பிஎச் 2க்குக் கீழே இறக்க வேண்டும். இல்லையென்றால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைவாக வரும். வந்தவரிடம் பாட்டில் சரியாக இருந்தது, ஆசிட் இல்லை. ஆய்வகத்துக்குப் போன பிறகு சேர்ப்பதும் ஏற்கக்கூடியதே. ஆனால் சேர்த்த பின் அதே பாட்டிலில் 16 மணி நேரமாவது வைத்திருந்துதான் அளக்க வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெரிய தவறு வேறு. குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தையும் அதே ஆசிட் பாட்டிலிலிருந்து பார்த்துத் தருவதாகச் சொல்கிறார்கள். இது செல்லாது. ஆசிட் பட்டால், தண்ணீரில் உள்ள கரிமப் பொருள் அதை மூன்று இணைதிறனாக மாற்றிவிடும். அந்த நச்சு வடிவம் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். தோல் பதனிடும் ஆலைகள் உள்ள நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு மிக முக்கியமான அளவே இதுதான். ஆசிட் சேர்க்காத தனி பாட்டில், ஐஸ் பெட்டி இரண்டையும் வற்புறுத்திக் கேளுங்கள். பாதரசத்துக்கும் தனி பாட்டில்தான்.

எந்தக் குழாயில் பிடிப்பது என்பதை அவர்கள் கேட்பதே இல்லை. ராத்திரி முழுக்கத் தேங்கிய தண்ணீரில் காலையில் பிடிக்கும் முதல் லிட்டர், பித்தளைக் குழாயிலிருந்தும் பழைய பிவிசி பைப்பிலிருந்தும் இறங்கும் ஈயத்தைக் காட்டும். நிலத்தடி நீரின் நிலை தெரிய, மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, டேங்குக்குப் போகும் முன் பிடிக்க வேண்டும். இரண்டும் எடுத்தால்தான் குற்றவாளி பைப்பா, பூமியா என்று தெரியும். ஆர்ஓ கருவி சுத்திகரித்துத் தரும் நீரையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது; மின்னூட்டம் இல்லாத மூன்று இணைதிறன் ஆர்சனிக் சவ்வைத் தாண்டி ஓரளவு வந்துவிடும்.

அறிக்கை தெளிவாக இருக்கிறது. ‘கண்டறியும் வரம்புக்குக் கீழே’ என்று எழுதும் இடத்திலெல்லாம் அந்த வரம்பு எவ்வளவு என்பதையும் போடுகிறார்கள். அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்றிருந்தால் ஈயத்துக்கு அந்த அறிக்கை பயன்படாது, இவர்களுடையது 0.001. நீங்கள் கேட்கும் உலோகம் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பு இவர்களுக்குத் தந்த பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

சனிக்கிழமை மாதிரி கொடுக்காதீர்கள். ஆறு இணைதிறன் குரோமியத்தை 24 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும், ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை.