பெங்களூரில் பழைய .32 பிஸ்டல் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தற்காப்புக்காக முறையாக உரிமம் பெற்று, ஒன்றேகால் இலட்ச ரூபாய்க்குள் ஒரு செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலை வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பவர்கள், "வெளிநாட்டுச் சரக்கு" என்று சொல்லிப் பழைய பிஸ்டல் எதையாவது கடைக்காரர் எடுத்து நீட்டினால், பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நகரின் மையப் பகுதியில் நெடுங்காலமாக நடந்துவரும், வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் சொல்ல முடியாத கடை அது.

அல்சூரில் உறவினர் ஒருவரின் அடகுக் கடையில் கணக்கையும் ரொக்கத்தையும் நான்தான் கவனித்து வருகிறேன். மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, காவல் நிலைய விசாரணையும் பயிற்சிச் சான்றிதழும் முடிந்து, .32 பிஸ்டலுக்கான உரிமம் கைக்கு வந்தது (.32 என்பது அங்குலத்தில் சொல்லும் குழல் அளவு). 9 மி.மீ. நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையாதலால், என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் .32தான் வழி. அதிலும் புதிதாக வாங்குவதென்றால் இஷாபூர் ரைஃபிள் தொழிற்சாலையின் அஷானி பிஸ்டல் போன்ற அரசுத் தயாரிப்புகளையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. ரிவால்வர் போதும் என்பவர்களுக்குக் கான்பூரில் தயாராகும் நிர்பீக் இருக்கிறது. 2014-இல் அது வெளிவந்தபோதே அதன் விலை 1,22,360 ரூபாய். எனக்கு ரிவால்வரில் விருப்பம் இல்லை.

அஷானிக்குப் பதிவு செய்யலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். நான் தமிழன் என்று தெரிந்ததும் பேச்சே மாறிவிட்டது. "அஷானிக்குக் காத்திருக்கணும் சார். நம்ம ஊர்க்காரர்னு சொல்றேன், உள்ளே ஒரு பெல்ஜியம் பிரவுனிங் இருக்கு. ஒரு பெரியவர் வீட்டிலிருந்து வந்தது, பத்து ரவுண்டுகூட சுட்டிருக்க மாட்டார்" என்று சொல்லி, புத்தம் புதிதாக நீலம் (துருப் பிடிக்காமல் காக்கும் கருநீலப் பூச்சு) பூசிய பிஸ்டல் ஒன்றை வெல்வெட் துணியின்மேல் வைத்தார். விலை ஒரு இலட்சத்துப் பதினைந்தாயிரம். தயாரித்த நிறுவனம் எது, எந்த நாட்டுத் தயாரிப்பு, இதற்கு முன் யாருடைய உரிமத்தில் இருந்தது, உதிரிபாகம் கிடைக்குமா என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். ஸ்லைடில், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், பொறிக்கப்பட்டிருந்த "7.65 பிரவுனிங்" என்ற எழுத்துகளையும் விரல் வைத்துக் காட்டினார்.

பெல்ஜியம் பிரவுனிங் என்றால் பெல்ஜியத்தில் செய்த, பெயர்பெற்ற பிரவுனிங் பிஸ்டல் என்றுதான் நினைப்போம். ஏமாற்று இருந்தது அந்த எழுத்துகளில்தான். நாம் .32 என்று சொல்லும் பிஸ்டல் தோட்டாவுக்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர் 7.65 மி.மீ. பிரவுனிங். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தன் 1900-ஆம் ஆண்டு மாடல் பிஸ்டலுடன் பரப்பிய தோட்டா அது. அதைச் சுடும் பிஸ்டலை எவர் செய்தாலும் அந்தப் பெயரைத் தோட்டாவின் அளவாகப் பொறிக்கலாம், பலர் பொறித்தும் இருக்கிறார்கள். பிஸ்டலைச் செய்தவர் யார் என்பதை அது சொல்லவே சொல்லாது.

ஆணையர் அலுவலகத்தில் ஆயுதத்தைக் காட்டி உரிமத்தில் எண்ணைப் பதிந்துகொண்ட பிறகு, பழுதுபார்க்கும் உரிமம் வைத்திருக்கும் ஒரு முதியவரிடம் பிஸ்டலைக் கொண்டுபோனேன். (உரிமம் இல்லாத மெக்கானிக்கிடம் துப்பாக்கியைப் பிரிக்கக் கொடுப்பது ஆயுதச் சட்டத்தின்படி உங்களையும் சிக்கலில் இழுத்துவிடும்.) அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது பிரவுனிங்கும் இல்லை, பெல்ஜியமும் இல்லை, ஸ்பெயின் நாட்டின் எய்பார் நகரத்து ரூபி வகைப் பிஸ்டல் என்றார். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு இராணுவம் 1915 முதல் இவற்றை ஏராளமாக வாங்கியது. முதலில் ஒப்பந்தம் எடுத்த கபிலோண்டோ நிறுவனத்தால் கேட்ட அளவுக்குச் செய்து கொடுக்க முடியாமல், சுற்றுப்பட்டிலிருந்த பட்டறைகளுக்கெல்லாம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதனால் ஒரு பட்டறையின் பாகம் மற்றொரு பட்டறையின் பிஸ்டலில் பொருந்தாது. கடைக்காரர் தனியாக ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த இரண்டாவது மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் கூடு) ஏன் முழுவதுமாக உள்ளே ஏறாமல் நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது.

அதைவிட மோசமானது உள்ளிருந்த தேய்மானம். விசையை இழுக்கும்வரை சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி மழுங்கிப்போயிருந்தது; ஒரு முறை விசையை அழுத்தினால் இரண்டு தோட்டாக்கள் அடுத்தடுத்து வெடித்துவிடக் கூடிய நிலை. தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியும் விரல் பட்டாலே நழுவியது. நூறாண்டுப் பழைய இரும்பின் அரிப்புக் குழிகளைத் தேய்த்து மழித்து, மேலே நீலம் பூசியிருந்தார்கள். தயாரிப்பாளரின் முத்திரை அந்தத் தேய்ப்பிலேயே போய்விட்டது, வரிசை எண்ணின் விளிம்புகளும் மங்கியிருந்தன.

இந்த மங்கிய எண்ணைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, அடையாளக் குறிகளை அழிப்பதையும், அவை இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் தடை செய்கிறது. குறிகள் அழிக்கப்பட்ட துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்றுதான் சட்டம் ஊகிக்கும். இல்லையென்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். கடைக்காரரின் அரத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டிய நிலைமை. நல்ல வேளையாக எண் இன்னும் படிக்கும்படி இருந்தது, உரிமத்திலும் அதுவே பதிவாகியிருந்தது.

கடைக்குத் திரும்பிப் போனபோது அதே ஊழியர் பில்லைப் புரட்டிக் காட்டினார். அதில் ".32 பிஸ்டல், வெளிநாடு, பழையது" என்ற சொற்களும் எண்ணும் மட்டும் இருந்தன. பிரவுனிங் இல்லை, பெல்ஜியம் இல்லை. வாங்கும்போது நான் அதைக் கேட்டதற்கு, ஆயுத பில்லில் இவ்வளவுதான் எழுதும் வழக்கம் என்றார்கள். அது முழுப் பொய் என்பது வேறு கடைகளின் பில்களைப் பார்த்த பிறகு தெரிந்தது. உரிமையாளரோ, விருப்பமிருந்தால் நாற்பதாயிரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

பட்ஜெட் குறைவாக இருப்பவர்களைக் குறிவைத்து இது நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டுவிட்டதால், நல்ல நிலையில் உள்ள உண்மையான எஃப்.என்., ஜெர்மனியின் வால்தர் போன்றவை பல இலட்சங்களுக்குக் கைமாறுகின்றன. ஒரு இலட்சத்துக்கு ஒன்று கிடைக்கிறதென்றால், பெயர் பொய்யாக இருக்க வேண்டும், அல்லது உள்ளே கெட்டிருக்க வேண்டும். என்னுடையதில் இரண்டும் சேர்ந்திருந்தன. அந்தத் தொகைக்குப் பளபளப்புக் குறைந்த உள்நாட்டுப் பிஸ்டலே மேல் என்பது என் துணிபு. புதியது, எண் தெளிவாக இருக்கும், தயாரித்தவரிடம் முறையிட இடமும் இருக்கும்.

பழையதுதான் கட்டுப்படியாகும் என்றால், தயாரிப்பாளர் பெயர், நாடு, மாடல், எண் ஆகியவற்றைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கடையுடன் தொடர்பில்லாத, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் கடைக்கே வந்து பிரித்துப் பார்க்கட்டும். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு அல்ல. முந்தைய உரிமையாளரிடமிருந்து கடைக்கு மாறியதற்கான பதிவைக் காட்டச் சொல்லுங்கள். கொடுத்த முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டியோடு பில் வேண்டும். தோட்டா வாங்கும்போதும் கவனம் தேவை: .32 ரிவால்வர் தோட்டா நீளமானது, .32 பிஸ்டலுக்கு ஆகாது. உரிமத்தில் இரண்டுக்கும் ".32" என்றே இருப்பதால், எனக்கும் முதலில் ரிவால்வர் தோட்டாப் பெட்டியைத்தான் கட்டிக் கொடுத்தார்கள், அங்கேயே திறந்து பார்த்து மாற்றிக்கொண்டேன்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நான் பழுதுபார்த்தவரின் எழுத்து மூலமான அறிக்கையையும், ஸ்லைடின் படங்களையும், "பெல்ஜியம் பிரவுனிங்" என்று அந்த ஊழியர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்திருக்கிறேன். பில்லில் இல்லாத சொல் அந்தச் செய்தியில் இருப்பதால்தான் என் வக்கீலுக்கு நம்பிக்கை. பிஸ்டல் இப்போது வேறொரு உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதுடன் பாதுகாப்பில் இருக்கிறது. அடுத்த விசாரணையில் கடைக்காரர் தம் கொள்முதல் பதிவேட்டைக் காட்டியாக வேண்டும். அதில் இந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார் என்பதை இங்கே தெரிவிக்கிறேன்.