மாட்டில் இடித்த கார்: நிமிர்த்துவதா, பழசு போடுவதா, புதுசு வாங்குவதா?

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இரவில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஏ9 வீதியில் மாடுகள் எப்படிப் படுத்திருக்கும் என்று. மாட்டில் இடித்தாலும் சேதம், மாட்டை விலக்க ஸ்டியரிங்கை வெட்டி, மதகுக் கட்டில் சில்லை ஏற்றினாலும் சேதம். பம்பர் உடைந்தது கண்ணுக்குத் தெரியும். முன் சில்லு கொஞ்சம் பின்னுக்குப் போயிருப்பது தெரியாது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு அளவு நாடா எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இடித்த பக்கம் ஒரு சென்டிமீற்றருக்கு மேல் குறைந்தால், சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆமோ, அது பூட்டியிருக்கும் குறுக்கு இரும்பான குறொஸ் மெம்பரோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கராச்சில் மூன்று வழி சொல்வார்கள். ஆகச் செலவு குறைந்தது நிமிர்த்துவது. காஸில் சூடு காட்டி, பிரஸ்ஸில் வைத்து அமர்த்தி, அன்றைக்கே பூட்டித் தந்துவிடுவார்கள். பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை வளைந்து, சூடும் பட்ட இரும்புக்குப் பழைய பலம் இல்லை. அடுத்த குழியில் அதே இடத்தில் வளையும், இல்லையென்றால் வெடிக்கும். சில்லைத் திருப்பும் டை ரொட், சில்லு பூட்டும் நக்கிள் இரண்டிலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஓடும்போது முறிந்தால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சில்லு அதன் பாட்டுக்குப் போகும். முன்பக்கத் தகட்டை இழுத்து நிமிர்த்துவது வேறு கதை, அது செய்யலாம்.

இரண்டாவது, யப்பான் பழைய சாமான். கொழும்பில் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொன்னால் பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள், ஒரே பெயர்க் காரிலும் வருடத்துக்கு வருடம் சாமான் மாறும். நக்கிள், குறொஸ் மெம்பர் போன்ற கனத்த இரும்புக்கு என் தெரிவு இதுதான். கொம்பனி இரும்பு, புதுசை விட விலையும் குறைவு. வந்ததும் வெயிலில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் பெயின்ட் சுருங்கிப் பொரிந்திருந்தால் அதுவும் ஏதோ விபத்துக் காரில் கழற்றியதுதான். புதுக் கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பழைய ஷொக் அப்சோபர் மட்டும் வாங்காதீர்கள், உள்ளே எண்ணெய் என்ன நிலையில் என்று யாருக்குத் தெரியும்?

புதுசு என்றால் கொம்பனிச் சாமானும் உண்டு, கொப்பியும் உண்டு. இந்திய ஆல்ட்டோ 800 வைத்திருப்பவர்கள் யோசிக்கவே தேவையில்லை, மாருதியின் புதுச் சாமானே கட்டுப்படியாகும். யப்பான் வாகன்ஆர், அக்ஸியோகாரர்களுக்குத்தான் தலையிடி. கொப்பி ஆமில் இரும்பு ஓரளவு தாங்கினாலும் அதன் மூட்டில் இருக்கும் புஷ் றப்பர் எங்கள் கிரவல் றோட்டுக்கு நிற்காது. ஆகவே நான் கலந்துதான் போடுவேன்: இரும்பு பழசு, ஆமையும் நக்கிளையும் இணைக்கும் போல் ஜொயின்டும் புஷ்ஷும் நல்ல புதுசு, ஷொக் இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இன்றைய விலைக்குக் காரை மாற்றுவதை விட இந்தச் செலவு பரவாயில்லை.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே ஆமின் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கினால், கார் நிலத்துக்கு இறங்கும்போது றப்பர் முறுகிவிடும். பிறகு சீக்கிரம் கிழியும். சில்லில் பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு.

"அலைன்மென்ட் போட்டால் சரி வரும்" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் முன்னுக்கு டோ, அதாவது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான் திருத்தலாம். கம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சில்லின் சாய்வு, பிசகியிருந்தால் ஏதோ ஒன்று இன்னும் வளைந்தபடி இருக்கிறது. டோவை வைத்துச் சமாளித்தால் கார் நேராக ஓடும், ரயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும். மெஷின் தரும் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பக்கக் கம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழுக் காப்புறுதி இருந்தால், சில்லைக் கழற்றிக் காட்டிவிட்டே எஸ்டிமேட் எழுதச் சொல்லுங்கள். பம்பரையும் லைட்டையும் மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு, ஆமுக்கும் நக்கிளுக்கும் காசு கேட்டு அலைவது பெரும்பாடு.