டர்பனில் காய்ச்சல் வெப்பமானிகளுக்கு ஓர் அளவுத்திருத்தக் கூடம்

சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் மருத்துவ நிலையத்தின் வெப்பமானிகளை, டர்பனின் தென்பகுதித் தொழிற்பேட்டையில் இயங்கும் சிறிய அளவுத்திருத்தக் கூடம் (கருவி காட்டும் எண்ணை நம்பகமான அளவோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று கண்டறியும் இடம்) ஒன்றிடம் சில ஆண்டுகளாக ஒப்படைத்து வருகிறோம். ஒட்டுச்சீட்டை மட்டும் ஒட்டித் திருப்பி அனுப்பும் இடமன்று இது.

வாயிலும் அக்குளிலும் வைக்கும் டிஜிட்டல் கருவிகளை, நீர் சீராகக் கலக்கப்படும் தொட்டியில் ஒப்பீட்டுக்கான துல்லியக் கருவியாகிய பிளாட்டினம் மின்தடை வெப்பமானிக்கு அருகே அமிழ்த்தி, 35, 37, 39, 41 டிகிரி செல்சியஸில் ஒப்பிடுகிறார்கள். சில நொடிகளில் விடை சொல்லும் கருவிகள் இறுதி வெப்பநிலையை முன்கூட்டியே கணித்துக் காட்டுபவை என்பதாலும், அந்தக் கணிப்பு உடலுக்குப் பொருந்துமே தவிரத் தொட்டி நீருக்குப் பொருந்தாது என்பதாலும், கருவியை நேரடி அளவீட்டு முறைக்கு மாற்றிய பிறகே சோதிக்கிறார்கள். பனிக்கட்டி நீரில் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பவர்கள் முயன்று பார்க்கலாம்; இத்தகைய கருவிகளில் பல 32 டிகிரிக்குக் கீழே எண்ணையே காட்டுவதில்லை.

சான்றிதழில் ஒவ்வொரு வெப்பநிலைப் புள்ளியிலும் காணப்பட்ட பிழையும் அந்த அளவீட்டின் நிச்சயமின்மையும் (உண்மை மதிப்பு எவ்வளவு முன்பின்னாக இருக்கக்கூடும் என்ற வரம்பு) தனித்தனியே அச்சிடப்படுகின்றன. தொடு வகைக் கருவி பலவற்றுக்கு உற்பத்தியாளர் தரும் எல்லையே ±0.1 டிகிரிதான், சோதிக்கும் கூடத்தின் நிச்சயமின்மையும் அதே அளவு இருந்தால் அந்தச் சான்றிதழை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது.

சரிசெய்தல் விஷயத்தில் இவர்களின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. மலிவான டிஜிட்டல் வெப்பமானிகளைத் திருத்த வழியே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, எல்லை மீறியவற்றைக் கழித்துவிடுமாறு பரிந்துரைக்கிறார்கள். காது வெப்பமானிகளை, தெரிந்த வெப்பநிலையில் சீராக அகச்சிவப்புக் கதிர் வீசும் கரும்பொருள் குழியின் முன் வைத்து முதலில் வந்த நிலையிலேயே அளக்கிறார்கள். அதன்பிறகுதான் வில்லையைத் துடைத்து மீண்டும் அளக்கிறார்கள். காதழுக்கு படிந்த வில்லை குறைவாகவே காட்டும் என்பதால், துடைப்பதற்கு முந்தைய எண்தான் நோயாளிகளிடம் நாம் என்ன அளந்துகொண்டிருந்தோம் என்பதை உணர்த்துகிறது. அந்த எண்ணை மறைக்கும் கூடங்களை நான் நம்புவதில்லை.

குறைகளும் உண்டு. காய்ச்சல் மிகும் குளிர்காலத்தில், கருவி மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே, தாமதம் நீள்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நெற்றி வெப்பமானி தோலின் கதிர்வீச்சை அளந்து, அதை உடல் வெப்பநிலையாகக் கணக்கிட்டுக் காட்டுவது. கூடம் சோதிப்பது உணரியை மட்டுமே, கணக்கீட்டை அன்று. இந்த எச்சரிக்கையைச் சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பது சரியன்று.

புதிதாகச் செல்பவர்கள், தேசிய அங்கீகார அமைப்பான சானாஸ் அந்தக் கூடத்துக்கு வழங்கிய, அங்கீகரிக்கப்பட்ட அளவீடுகளின் அட்டவணையில் அகச்சிவப்பு வெப்பநிலையும் இடம்பெறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காது வெப்பமானியோடு, அதன் முனையில் அன்றாடம் மாட்டிப் பயன்படுத்தும் அதே வகை உறைகளையும் சேர்த்து அனுப்புங்கள். வேறு உறையில் அளந்த முடிவு உங்கள் கருவிக்குப் பொருந்தாமல் போகலாம்.