4×5 கேமராவில் முகம் எடுக்க: 210-ஆ, 300-ஆ?

4×5 இன்ச் ஃபிலிமுக்கு 150 மி.மீ. சாதாரண லென்ஸ். அதை வைத்து முகத்தை நிறைக்கக் கிட்டப் போனால் மூக்கு பெருத்துவிடும். ஆகவே போட்டி 210 மி.மீ. லென்ஸுக்கும் 300 மி.மீ. லென்ஸுக்கும்தான்.

தலையும் தோளும், நிஜத்தில் ஐந்தில் ஒரு பங்காக ஃபிலிமில் விழ வேண்டும் என்று வையுங்கள். 210-க்கு ஆள் சுமார் 1.26 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள துருத்தி) 252 மி.மீ. நீண்டால் போதும். 300-க்கோ 1.8 மீட்டர் தூரம், 360 மி.மீ. பெல்லோஸ். சிக்கலே இங்கேதான். 300 மி.மீ. சுமாருக்கு மேல் நீளாத மடக்கு கேமராக்கள் நிறைய உண்டு. அவற்றில் இந்த லென்ஸ் தூரத்து மலையைப் பிடிக்கும், முகத்தைப் பிடிக்காது. வாங்குமுன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். அப்புறம், எந்த லென்ஸானாலும் இந்த நெருக்கத்தில் வெளிச்சத்தை அரை ஸ்டாப், அதாவது சுமார் 1.4 மடங்காக, கூட்ட வேண்டும்.

முக வடிவம் 300-இல்தான் அழகு. பின்னணியும் நன்றாகக் கரையும். ஆனால் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்) கொண்டவை கனமானவை. அவை பொருந்தும் பெரிய கோபல் 3 ஷட்டரின் உச்ச வேகம் 1/125 நொடி. நிக்கானின் நிக்கோர் எம் 300 லென்ஸ் வெறும் 290 கிராம், சரி. ஆனால் எஃப் 9 என்பதால் கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கும் பின்பக்கக் கண்ணாடி) இருட்டாக இருக்கும். இமை முடியில் ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஆள் அசைந்துவிடுவார்.

210 எஃப் 5.6 சிறிய கோபல் 1 ஷட்டரில் வரும், 1/400 வரை போகும், பளிச்சென்று தெரியும். முதல் லென்ஸாக அதையே சொல்வேன். நீண்ட மோனோரெயில் கேமராவும் (ஒற்றைத் தண்டின் மேல் நகரும் வகை) நெருக்க முகங்கள் மேல் மட்டுமே ஆசையும் இருந்தால் 300.