ரவுட்டிங் டைமர்கள்: குறைத்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று "உயிரோடு இருக்கிறேன்" என்று அனுப்பும் செய்தி ஹலோ. அது எத்தனை வினாடி வராவிட்டால் எதிர் ரவுட்டரை (நெய்பர்) இறந்ததாகக் கருதுவது என்பது டெட் அல்லது ஹோல்டு டைமர். வழி காட்டும் நெறிமுறைகளில் ஓஎஸ்பிஎஃப்-இல் ஹலோ 10 வினாடி, டெட் 40. இஐஜிஆர்பி-யில் 5, 15. பிஜிபி-யில் (அங்கே ஹலோவுக்குப் பதில் கீப்அலைவ்) சிஸ்கோ கருவி என்றால் 60, 180. ஜூனிப்பர் என்றால் 30, 90. இந்த எண்களைப் பார்த்ததுமே "40 வினாடி டிராஃபிக் குழியில் விழுமா?" என்று கை துறுதுறுக்கும். எல்லா இன்டர்ஃபேஸிலும் ஹலோ 1, டெட் 4 என்று போட்டுவிடுவார்கள். லேபில் அருமையாக ஓடும். ஆண்டுக்கணக்கில் ஓடும் நெட்வொர்க்கில் கணக்கே வேறு.

இந்த டைமர் எப்போது வேலைக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு ரவுட்டருக்கு நடுவே நேரடி ஃபைபர் இருந்து அது அறுந்தால் இன்டர்ஃபேஸ் டவுன் ஆகும். நெய்பரும் உடனே போய்விடும். டெட் டைமரை அங்கே யாரும் கேட்பதில்லை. அங்கே தாமதம் ஏதும் இருந்தால் அது கேரியர்-டிலே, அதாவது போர்ட் விழுந்ததை அறிவிக்கும் முன் காத்திருக்கும் நேரம். சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல் வழக்கமாக 2 வினாடி. டெட் டைமர் தேவைப்படுவது நடுவில் ஸ்விட்சோ வாடகை சர்க்யூட்டோ இருக்கும் இடத்தில்தான்: இந்தப் பக்கம் போர்ட் பச்சையாக எரியும், அந்தப் பக்கம் ஆளே இருக்காது. இந்த இரண்டு வகையையும் பிரிக்காமல் எங்கும் ஒரே டைமர் போட்டால் பாதி உழைப்பு வீண்.

ஹலோ 1, டெட் 4-இன் நிஜச் சிக்கல் சிபியு. ஹலோவை அனுப்புவதும் வாங்குவதும் கன்ட்ரோல் பிளேன், அதாவது சிபியு-வில் ஓடும் கட்டுப்பாட்டுப் பகுதி. முழு பிஜிபி டேபிள் ஏறும்போதோ, யாரோ எஸ்என்எம்பி-யில் (கண்காணிப்பு நெறிமுறை) ரவுட்டிங் டேபிள் முழுவதையும் வாரி எடுக்கும்போதோ நாலு வினாடி மூச்சுத் திணறல் வந்தாலே போதும், லிங்க் நன்றாக இருக்கும்போதே லாகில் "ஃபுல் டு டவுன், டெட் டைமர் எக்ஸ்பயர்டு" என்று விழும். அது புதிய எல்எஸ்ஏ-க்களை (லிங்க் நிலை அறிவிப்புகள்) கிளப்பும், அதனால் எல்லா ரவுட்டரிலும் எஸ்பிஎஃப் (குறுகிய பாதை) கணக்கு ஓடும், திணறல் இன்னும் கூடும். இரண்டு சூப்பர்வைசர் கார்டு (பெட்டியை ஆளும் மூளை அட்டை) உள்ள பெட்டியில் இன்னொரு வம்பும் உண்டு: கார்டு மாறும் நேரத்துக்குள் டெட் முடிந்துவிட்டால் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் (நெய்பரை இழக்காமல் மறுதொடக்கம்) இருந்தும் பயனில்லை.

பெரிய டைமரில் பலரும் கவனிக்காத ஒரு நன்மை இருக்கிறது. "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்" போட்டு டெட் டைம் பத்தியைச் சில முறை பாருங்கள். 10/40-இல் அது 30-க்கும் 40-க்கும் இடையில்தான் ஊசலாட வேண்டும். 24 என்று காட்டினால் ஒரு ஹலோ தொலைந்திருக்கிறது. 13 என்றால் இரண்டு. நெய்பர் விழுவதற்கு முன்பே லிங்க் இருமுகிறது என்று தெரிந்துவிடும். 1/4-இல் இந்த முன்னெச்சரிக்கையைக் கண்ணால் பிடிக்க முடியாது.

அதனால் நீண்ட ஓட்டத்தில் நின்றது இதுதான்: ஹலோவைத் தொடாமல் விட்டு, லிங்க் செத்ததைக் கண்டுபிடிக்கும் வேலையை, அதற்கென்றே உள்ள வேகமான நெறிமுறையான பிஎஃப்டி-யிடம் கொடுப்பது. "பிஎஃப்டி இன்டர்வல் 300 மின்_ஆர்எக்ஸ் 300 மல்டிப்ளையர் 3" என்றால் 300 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து மூன்று தொலைந்தால் விழுந்ததாகக் கணக்கு: 900 மில்லிவினாடியில் தெரிந்துவிடும். லைன் கார்டிலேயே பிஎஃப்டி ஓடும் பெட்டி என்றால் 50, 50, 3 வரை இறங்கலாம். மெயின் சிபியு-வில் ஓடும் சின்னப் பெட்டியில் அது வேண்டாத வேலை. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 300 போட்டால் மெதுவான 300-க்கே ஒத்துக்கொள்ளும், சண்டை வராது. எக்கோ மோடு (அனுப்பிய பாக்கெட்டை எதிர்ப்பக்கம் அப்படியே திருப்பிவிடும் முறை) வேண்டுமென்றால் அந்த இன்டர்ஃபேஸில் "நோ ஐபி ரீடைரக்ட்ஸ்" போட மறக்கக் கூடாது. ஏசிஎல் (பாக்கெட் வடிகட்டும் விதிகள்) இருந்தால் யுடிபி 3784-ஐயும், எக்கோவுக்கு 3785-ஐயும் திறந்துவிடுங்கள்.

கீழே லேயர் 2 ரிங் (வளையமாக இணைந்த ஸ்விட்சுகள்) தானாகவே மீளும் இடத்தில், அது மீள எடுக்கும் நேரத்தைவிட பிஎஃப்டி நேரம் அதிகமாக இருக்கட்டும். இல்லையென்றால் ரிங் பிழைத்துக்கொள்ளும், ரவுட்டிங் சாகும். மழைக்கு மங்கும் ரேடியோ லிங்கில் மல்டிப்ளையரை 5 ஆக்கினால் ஃபிளாப் (விழுந்து விழுந்து எழுவது) நன்றாகவே குறையும்.

கண்டுபிடித்தால் மட்டும் போதாது, கணக்கும் போட வேண்டுமே. பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் முதல் எஸ்பிஎஃப்-க்கு முன் 5 வினாடி சும்மா காத்திருக்கும். டெட்டை 4 ஆக்கிவிட்டு இதை அப்படியே விட்டவர்கள் ஏராளம். "டைமர்ஸ் த்ராட்டில் எஸ்பிஎஃப் 50 200 5000" போட்டால் முதல் மாற்றத்துக்கு 50 மில்லிவினாடியில் கணக்கு. தொடர்ந்து அதிர்ந்தால் 200, 400, 800 என்று இரட்டித்து 5 வினாடியில் நிற்கும். இந்த ஒரு வரி தந்த பலனை ஹலோ மாற்றம் எதுவும் தரவில்லை.

ஹலோவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் அந்த லிங்கின் காஸ்ட்டை (பாதைக்கான மதிப்பு, கூடினால் அந்த வழி தவிர்க்கப்படும்) இரு பக்கமும் 65535 ஆக்கி டிராஃபிக்கை நகர்த்துங்கள். தூரத்து ரவுட்டரை முதலில் மாற்றுங்கள், அதன் பிறகே கிட்டத்து ரவுட்டர். ஐஓஎஸ்-இல் ஹலோவை மாற்றினால் டெட் தானாக நாலு மடங்காகும். டெட்டை மாற்றினால் ஹலோ அசையாது. இரண்டுமே இரு பக்கமும் ஒத்திருந்தால்தான் நெய்பர் வரும். இஐஜிஆர்பி-யில் ஒத்திருக்கத் தேவையில்லை, ஆனால் அங்கே வேறு பொறி: நாம் போடும் ஹோல்டு, எதிர்ப்பக்கம் நம்மை எவ்வளவு நேரம் உயிரோடு கருத வேண்டும் என்று சொல்லி அனுப்பும் எண். ஹலோவை 20 ஆக்கி ஹோல்டை 15-லேயே விட்டால் ஹலோவுக்கு ஹலோ செஷன் விழுந்து எழும்.

பிஜிபி-யில் இரு பக்கத்தில் எது சிறிய ஹோல்டோ அதுவே நிற்கும். செஷன் மறுபடி எழும்பினால்தான் புது எண் அமலாகும். பிஎஃப்டி தர மறுக்கும் சேவை நிறுவனத்தோடு 10, 30 நிம்மதியாக ஓடுகிறது. பிஜிபி-யின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4271 குறைந்தபட்சம் 3 வினாடி ஹோல்டை அனுமதிக்கிறது என்பதற்காக 1, 3 போடாதீர்கள்.

செஷன் எழும்பி, சரியாக ஹோல்டு நேரத்துக்கு ஒருமுறை விழுந்தால் டைமரைக் குறை சொல்வது தவறு. பெரும்பாலும் எம்டியு, அதாவது துண்டாகாமல் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 19 பைட் கீப்அலைவ் சிக்கலில்லாமல் போகும். பெரிய அப்டேட் வந்ததும் டிசிபி-யில் அது மாட்டிக்கொள்ள, பின்னால் வரும் கீப்அலைவும் வரிசையில் நின்றுவிடும். லூப்பேக் (எந்த போர்ட்டையும் சாராத) முகவரியிலிருந்து 1500 பைட் பிங்கை டிஎஃப் (துண்டாக்காதே) பிட்டோடு அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் அந்த நெய்பருக்கு வழியில் எங்கோ எம்டியு சுருங்கியிருக்கிறது, சரிசெய்ய வேண்டிய இடமும் அதுதான்.