ஜிம்மியை கெனலில் விட்டுப் பழக்கியது: 2022 முதல் இன்றுவரை

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாயை விட்டுவிட்டு ஊருக்குப் போக அந்தக் கெனலை, அதாவது நாய்களை வைத்துப் பார்த்துக்கொண்டு பழக்கியும் கொடுக்கும் இடத்தை, இன்னமும் நம்புகிறேன். பயிற்சிக்கு இனி அங்கே விடமாட்டேன். இடத்தின் பெயர் வேண்டாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் வரிசையாகக் கூண்டுகள், அவ்வளவு போதும். 2022 கடைசியிலிருந்து போய்வருகிறோம்.

ஜிம்மி கறுப்பு லாப்ரடார். சுட்டு விழுத்திய வாத்தையும் காடையையும் தேடிக் கவ்வி வந்து கையில் கொடுப்பதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். பாயின்டர் இன நாய், பறவை இருக்கும் இடத்தைக் காட்டிக் காலைத் தூக்கியபடி நின்றுவிடும், ஸ்பானியல் புதருக்குள் புகுந்து கிளப்பிவிடும், லாப்ரடாருக்கு எடுத்துவருவதுதான் வேலை. நம் ஊரில் வேட்டைக்கு வழியில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று கௌதாரி மேல் கை வைத்தாலும் கேஸ்தான். ஆனால் ரத்தத்தில் இருப்பதற்குச் சட்டம் தெரியுமா? பக்கத்து வீட்டு அக்காவின் நாட்டுக்கோழியைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான் ஜிம்மி. ஒரு பல்கூடப் பதியவில்லை. கோழி எழுந்து உதறிக்கொண்டு, ஈரமான இறக்கையோடு திட்டிக்கொண்டே போனது. அக்கா அதைவிட அதிகமாகத் திட்டினார். அடித்துத் திருத்துகிற விஷயம் இல்லை இது, அந்தக் குணத்துக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும் என்றுதான் கெனலைத் தேடினோம்.

அங்கே அப்போது இருந்த மாஸ்டர் ராணுவ நாய்ப்பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உயிருள்ள புறாவை வைத்துப் பழக்கும் பேச்சே கிடையாது. பறவைக்குப் பதிலாக எறியக் கித்தான் துணியில் தைத்த டம்மி, அதன் மேல் உதிர்ந்த புறா இறகு நாலைந்து, நீளமான ஒரு கயிறு, கழுத்தில் விசில். விசிலில் 211.5 என்று போட்டிருக்கும். லாப்ரடார் போல எடுத்துவரும் ரிட்ரீவர் நாய்களுக்கு வழக்கமாக வாங்குவது அந்த எண், ஸ்பானியலுக்கு 210.5. எண் ஒன்றென்றால் சுருதியும் ஒன்று. தொலைந்தால் அதே எண்ணில் வாங்கிக்கொள்ளலாம், நாய் குழம்பாது. நீளமாக ஒருமுறை ஊதினால் உட்கார வேண்டும், குட்டிக் குட்டியாக ஊதினால் திரும்பி வர வேண்டும்.

டம்மியை எறிவது பெரிய காரியமில்லை. எறிந்தபிறகு ‘போ’ என்று சொல்லும்வரை நாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், அங்கேதான் பயிற்சியே. ஜிம்மிக்கு முன்னங்கால் நடுங்கும், கடைவாயில் எச்சில் கயிறாகத் தொங்கும், கண் டம்மியை விட்டு அசையாது. மாஸ்டர் அவனைப் பார்க்கவே மாட்டார், வெற்றிலையை மடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அவரே நடந்து போய் டம்மியை எடுத்து வந்துவிடுவார். எறிவதெல்லாம் உனக்கில்லை என்று நாய்க்குப் புரிய வேண்டுமாம். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது.

எனக்கு அதிகம் பயன்பட்டது சத்தப் பழக்கம். துப்பாக்கிச் சத்தத்துக்கு நாயை மிரளாமல் பழக்கும் முறையையே அவர் தீபாவளிக்குத் திருப்பிக்கொண்டார். ஜிம்மி தட்டில் வாய் வைத்திருக்கும்போது தோப்பின் மறுகோடியில் ஒருவர் கை தட்டுவார், பிறகு பொட்டு வெடித் துப்பாக்கி. தின்பதை நிறுத்தாதவரை தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவார். காது மடங்கினால் பழைய தூரத்துக்கே போய்விடுவார். இப்போது சரவெடிக்கு ஜிம்மி கட்டிலுக்கடியில் போவதில்லை. வானத்தில் போய் வெடிப்பதற்கு மட்டும் இன்னும் முறைக்கிறான்.

ஞாயிறு காலையில் எங்களையும் வரச்சொல்லி விசிலைக் கையில் கொடுப்பார். “ஒருதரம்தான் தம்பி ஊதணும். மூணுதரம் ஊதினா, மூணாவதுக்குத்தான் வருவான்” என்பார். பல இடங்களில் நாயை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வீடியோவோடு திருப்பித் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் நாய் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும்.

2024 நடுவில் மாஸ்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அடுத்து வந்த இளைஞர் கழுத்தில் மாட்டி மின்அதிர்ச்சி கொடுக்கிற ஷாக் காலரோடு வந்தார். வேல்ஸில் 2010லேயே தடை செய்த சாமான் அது. வேகமாகப் பழக்கிவிடலாம் என்றார். பழக்கினார்தான், கூப்பிட்டதும் வந்தான், வாலைக் கால் நடுவில் செருகிக்கொண்டு. அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டோம். கட்டிய பணத்தில் ஒரு பைசா திரும்பி வரவில்லை.

போர்டிங், அதாவது ஊருக்குப் போகும்போது நாயை அங்கே விட்டுப் போவது, அந்தக் கதை வேறு. முதல் வருடம் உண்ணிக் காய்ச்சலோடு திரும்பினான். சோர்வு, மூக்கில் ரத்தக்கசிவு. குரும்பாப்பேட்டை கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தட்டணுக்கள் சரிந்திருந்தன. மாத்திரையில் தேறினான். நாய் உண்ணி சுவர் விரிசலில் ஏறி ஒளிந்துகொள்ளும், முட்டையும் அங்கேயே. ஆகவே கூண்டுக்குப் போனால் தரையைவிடச் சுவரையும் மூலையையும் பாருங்கள். நாங்கள் சொன்னபிறகு விரிசலெல்லாம் பூசிச் சுண்ணாம்படித்தார்கள், மறுபடி வரவில்லை. சாப்பாட்டில் மட்டும் இன்றும் கை தாராளம். லாப்ரடாரில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் உண்டு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று சொன்னது. எங்கள் வீட்டில் இருப்பது அந்த நாலாவதுதான். அளவுக் கப்பைக் கையோடு கொடுத்துவிடுகிறோம்.

நம்பிக்கைக்குக் காரணம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. நாங்கள் மதுரையில் மாட்டிக்கொண்டோம். தோப்பில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லா நாய்களையும் முதலாளி தன் வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டு, சார்ஜ் தீரும்வரை ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் தடுப்பூசிச் சீட்டு இல்லாத நாயை உள்ளே விட மறுத்தார். அந்தக் கறார் எனக்குப் பிடித்தது.

இப்போது ஒரு நாளைக்கு 600 ரூபாய் வாங்குகிறார்கள், மருந்து கொடுக்கத் தனிக்கட்டணம் இல்லை. பொங்கல், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்காவிட்டால் இடம் கிடைக்காது. ரேபிஸ் ஊசிப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள், வாட்ஸப்பில் இருக்கும் போட்டோவை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.