அப்பாவின் வேகன் ஆரும் 17 வரி எஸ்டிமேட்டும்

2024 டிசம்பரில் லண்டனிலிருந்து சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போய் மூன்றாம் நாள் காலை, இரண்டாவது தோசை தட்டில் விழுந்த நேரத்தில் வாட்ஸப்பில் சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட் வந்தது. 17 வரி. கூட்டுத்தொகை 52,340 ரூபாய். அப்பாவின் 2008 வேகன் ஆர் காருக்கு. பழைய கார் வாங்கி விற்கிற தெருக்காரர் ஒருவர், "90,000னா இப்பமே எடுத்துக்கிடுதேன் சார்" என்று போன வருஷம் கேட்டுவிட்டுப் போன வண்டி.

இவ்வளவுக்கும் வண்டியில் இருந்த கோளாறு ஒன்றே ஒன்றுதான். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் இடதுபுறம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆறு மாதமாக இருக்கிறதாம். ஏன் காட்டவில்லை என்று கேட்டால், "நீ வரட்டும்னு வச்சிருந்தேன்" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். மோட்டார் பம்ப், அம்மாவின் கடவாய்ப் பல், மாடிக் கதவு, கார், எல்லாம் டிசம்பருக்காகக் காத்திருக்கும். நான் வந்து இறங்கியதும் வரிசையாக வந்து நிற்கும்.

பாளையங்கோட்டையில் இப்போது கண்ணாடிச் சுவரும் ஏசியும் காபி இயந்திரமுமாகப் பெரிய சர்வீஸ் சென்டர்கள் வந்துவிட்டன. அதில் ஒன்றில்தான் விட்டோம். பெயர் வேண்டாம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டேப்லெட்டை ஏந்திக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்த பையன், "சார் வரலையா மேடம்?" என்று கேட்டான். அப்பா காரின் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். பிறகு, "மேடம் யூ.கே.யா?" என்றான். நான் லண்டன் என்று தெரிந்ததும் எஸ்டிமேட் ஏறியது என்று சொல்ல மாட்டேன், அதற்குச் சாட்சி இல்லை. ஆனால் எனக்குள் ஒன்று ஏறியது. பவுண்டுக்கு 107 ரூபாய் போட்டு மனசு வகுத்துப் பார்த்தது. 490 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் பக்கத்தில் இருக்கிற மகளுக்கு இது ஒரு தொகையா? கொடுத்துவிட்டால் அடுத்த டிசம்பர் வரை நிம்மதி. 'அப்ரூவ்' பொத்தானில் விரல் வரைக்கும் போய்விட்டது.

நிறுத்தியது லண்டன் குரோய்டனில் நிற்கிற என் 2011 யாரிஸ் கார். மூன்று வயது தாண்டிய காரை அங்கே வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்கிற தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு 54.85 பவுண்டு. 2018 மே மாதத்திலிருந்து அந்தச் சோதனையில் குறைகளைத் தரம் பிரித்து எழுதுகிறார்கள். ஆபத்தான குறை, பெரிய குறை, சிறிய குறை, அதற்கும் கீழே 'கவனித்துக்கொள்' என்ற ஆலோசனை. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி ஃபெயில். மற்றவை இருந்தால் பாஸ்தான், தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அங்கேயும் சோதிக்கிறவனே பழுது பார்க்கிறவனாகவும் இருப்பதுண்டு, ஏமாற்று இல்லாத ஊர் ஒன்றுமில்லை. ஆனால் எது உயிர் போகிற விஷயம், எது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும்.

இந்த 17 வரியில் அது தெரியவில்லை. லோயர் ஆர்ம் ஜோடி, முன் சாக்கப்சர் ஜோடி, பின் சாக்கப்சர் ஜோடி, கிளட்ச் செட், இஞ்சின் மவுண்ட், முன் பிரேக் பேட், பின் பிரேக் ஷூ, திராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், இஞ்சின் கார்பன் எடுப்பது, ஏசி கிருமி நீக்கம், அடிப்பாகத்துக்குக் கோட்டிங், பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர், பேட்டரி, வீல் அலைன்மென்ட். ஏசி வாசம் வருவதும் வண்டி நிற்பதும் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிற்பது, திரும்புவது, நடுவழியில் விட்டுவிடுவது, இந்த மூன்றில் ஒன்றைத் தொடுகிற வரிகளுக்கு மட்டும் ஒரு புள்ளி. கார்பன் எடுப்பதும் இன்ஜெக்டரும் திராட்டில் பாடியும் உடனே போயின. வண்டி திணறவில்லை, ஐடிலில் நடுங்கவில்லை, மைலேஜ் குறையவில்லை. மைலேஜ் விஷயத்தில் என் வீட்டில் சந்தேகத்துக்கே இடமில்லை. 2008இல் வண்டி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை என்று அப்பா டைரியில் எழுதி வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் படம் அனுப்பச் சொன்னேன். பையன் தயங்காமல் அனுப்பினான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மில் புஷ் என்கிற ரப்பர் வெடித்திருந்தது நிஜம். பின் சாக்கப்சர் ஒன்றில் லேசாக எண்ணெய் ஈரம் இருந்ததும் நிஜம். கிளட்சுக்குப் படம் இல்லை. "ஹார்டா இருக்கு மேடம், 68,000 ஓடியிருக்குல்லா" என்றான். பேட்டரிக்கும் படம் இல்லை. அது 2022இல் வாங்கியது, பில் வீட்டில் இருக்கிறது, காலையில் ஒரே சாவியில் வண்டி கிளம்புகிறது.

கிளட்சை நாங்களே பார்த்தோம். சாயங்காலம் அப்பாவும் நானும் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்குப் போனோம். ஏற்றத்தில் நாலாம் கியரில் மெதுவாகப் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுசாக மிதிக்கச் சொன்னேன். கிளட்ச் வழுக்கினால் இஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு மேலே போகும், வண்டி அந்த வேகத்துக்கு எழும்பாது. இது முனகிக்கொண்டே, ஆனால் உறுமாமல் ஏறியது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கிளட்ச் வரியை அடித்தேன். அதில் மட்டும் 9,000 ரூபாய் குறைந்தது.

மறுநாள் வண்டியை சமாதானபுரம் பக்கம் வேப்பமரத்தடிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அப்பா மாருதி 800 வைத்திருந்த காலத்திலிருந்து பழக்கம். நான் பள்ளிக்கூடம் போகையில் பார்த்த அண்ணாச்சி, இப்போது அறுபது தாண்டியிருக்கும். எஸ்டிமேட்டைக் காட்டினேன். கண்ணாடி போடாமல் கையை நீட்டித் தூரமாக வைத்துப் படித்துவிட்டு, "எதுக்கும்மா இம்புட்டு? முதல்ல தூக்கிப் பாப்போம்" என்றார்.

ஜாக்கியில் தூக்கி, கடப்பாரை முனையை ஆர்முக்குள் விட்டு நெம்பினார். புஷ் பிதுங்கியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பக்கவாட்டில் ஆட்டினார். "பால் ஜாயின்ட்ல ஆட்டமே இல்ல, டை ராடும் கிண்ணுன்னு இருக்கு. ஆர்ம் எதுக்கு மாத்தணும்? லேத்ல குடுத்து புஷ் மட்டும் அடிச்சாப் போதும். உங்க டொக்கு சத்தம் இதுதான்." முன் பிரேக் பேட் ஆறு மில்லிமீட்டர் மிச்சம். மூன்றுக்கு வந்தால்தான் மாற்ற வேண்டும். அப்பா ஓட்டுகிற வருஷம் 4,000 கிலோமீட்டருக்கு அது அவசரமே இல்லை.

பின்பக்கம் டிரம்மைக் கழற்றியதும் பேச்சை நிறுத்திவிட்டார். ஷூ தேய்ந்தது ஒரு பக்கம், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து ஷூவே நனைந்திருந்தது. சர்வீஸ் சென்டர் பட்டியலில் ஏழாவது வரியில் ஷூ இருந்தது, சிலிண்டர் இல்லை. "ஷூவ மட்டும் மாத்தியிருந்தா புது ஷூவும் நனைஞ்சி போயிருக்கும் சார்" என்றார் அண்ணாச்சி. 17 வரியில் பயப்பட வேண்டிய ஒரே வரி அதுதான். அது கூட பாதிதான் எழுதப்பட்டிருந்தது. விலை குறைந்த வரிகளில் ஒன்றும் அதுவே.

பிறகு அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. "டைமிங் பெல்ட் எப்ப மாத்துனீங்க?" இஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பட்டை அது. 2010இல் வந்த புது வேகன் ஆரில் கே10 இஞ்சின், அதில் பட்டைக்குப் பதில் செயின். அப்பாவுடையது பழைய 1,061 சி.சி. இஞ்சின், ரப்பர் பெல்ட். டைரியைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார் அப்பா. 16 வருஷத்தில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் அவசரமில்லாத மாதிரிதான் தெரியும், அதனால்தான் சர்வீஸ் சென்டர் கணினியும் அதைக் கேட்கவில்லைபோல. ஆனால் ரப்பருக்கு கிலோமீட்டர் தெரியாது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் அதற்கு வயதாகும். அது அறுந்தால் திருச்செந்தூர் ரோட்டில் இஞ்சின் அப்படியே நின்றுவிடும், உருண்டு ஓரம் கட்டினால்தான் உண்டு.

ரப்பர் என்றதும்தான் எனக்கு டயர் ஞாபகம் வந்தது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். 2315. 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம். நாலு டயரிலும் அதேதான். "பட்டன் நல்லாத்தான கெடக்கு" என்றார் அண்ணாச்சி. கிடந்தது, ஓட்டினால்தானே தேயும். ஆனால் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள், நெல்லை வெயிலில் ஒன்பதரை வருஷம் நின்றதற்கு அடையாளம். பிரிட்டனில் 2021 பிப்ரவரியிலிருந்து லாரி, பஸ்களின் முன் சக்கரத்தில் 10 வயது தாண்டிய டயரைப் போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. காருக்கு அந்தச் சட்டம் இல்லை. இருந்தாலும் அம்மாவை உட்காரவைத்து அதில் நாலுவழிச் சாலையில் போக எனக்கு மனசு வரவில்லை. பெரிய சென்டரும் சொல்லவில்லை, மரத்தடியும் சொல்லவில்லை. ஊரில் பெற்றோர் கார் வைத்திருக்கிறவர்கள் இந்த நாலு இலக்கத்தைப் போய்ப் பாருங்கள், கார் அதிகம் ஓடவில்லை என்று சந்தோஷப்படுவதற்கு முன்.

மரத்தடியைத் தூக்கிவைத்துப் பேச நான் வரவில்லை. பிரேக் ஆயிலை முழுசாக மாற்றச் சொன்னதற்கு, "கொறைஞ்சதுக்கு ஊத்தி நெறைச்சாப் போதும்மா" என்றார். அங்கே சர்வீஸ் சென்டர் சொன்னதுதான் சரி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சமாச்சாரம். நான் பிடிவாதம் பிடித்தேன். சிலிண்டர் மாற்றினால் எப்படியும் குழாயில் புகுந்த காற்றை எடுத்தாக வேண்டும் என்பதால் ஒத்துக்கொண்டார். கடுங்காப்பி நிறத்தில் வெளியே வந்தது. "நாளைக்குச் சாயங்காலம்" என்றவர் நாலாம் நாள்தான் வண்டியைக் கொடுத்தார். பில் கிடையாது, ஒரு துண்டுச் சீட்டில் கணக்கு. டிரைவர் சீட்டில் கிரீஸ் கறை. ஆனால் கழற்றிய பழைய பாகமெல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார், நாங்கள் கேட்காமலே.

டயர் நாலும் 14,200. பெல்ட், டென்ஷனர், கூலி 4,300. வீல் சிலிண்டர், ஷூ, பிரேக் ஆயில் 3,600. புஷ்ஷும் லேத் கூலியும் 1,500. அலைன்மென்ட் 900. வைப்பர் 400, நானே மாட்டினேன். ஆக 24,900. எஸ்டிமேட்டில் பாதிகூட இல்லை என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். எனக்கு உறுத்தியது வேறு. இதில் 18,500 ரூபாய் வேலை அந்தப் பட்டியலிலேயே இல்லை. 52,340ஐ அப்படியே கட்டியிருந்தால், பழைய பெல்ட்டோடும் பழைய டயரோடும் வீல் சிலிண்டர் கசிவோடும் வண்டி மணமணவென்று வாசம் வீசிக்கொண்டு வீடு வந்திருக்கும். நானும் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன்.

பெங்களூரிலிருந்து தம்பி, "90,000 வண்டிக்கு 25,000 போடுவாங்களா? 15 வருஷம் தாண்டிட்டா ஸ்கிராப்தானே" என்றான். அது டெல்லிக் கதை. அங்கேதான் 10 வருஷ டீசலும் 15 வருஷ பெட்ரோலும் ஓடக்கூடாது என்று தீர்ப்பாயமும் நீதிமன்றமும் போட்டுப் பிடித்தன. நம்மூரில் 15 வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 600ஆக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். அப்பா அதையும் கட்டி 2028 வரை வாங்கி வைத்திருக்கிறார். வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கிறவன் கணக்கு. விற்காதவருக்கு, இது இல்லாவிட்டால் மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எதில் போவது என்பதுதான் கணக்கு.

ஒன்றை மட்டும் முடிவுசெய்ய முடியவில்லை, பின் சாக்கப்சர். ஓரத்தை அமுக்கி விட்டால் வண்டி ஒன்றரை தரம் ஆடி நின்றது. இப்போதே மாற்ற வேண்டும் என்றில்லை, ரொம்ப நாள் தாங்கும் என்றும் இல்லை. "மாத்துனா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல" என்ற அண்ணாச்சி, கையைத் துடைத்துக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டுவிட்டார். "சார் அம்புட்டு நாள் ஓட்டுவீங்களா?"

அப்பாவுக்கு 74. போன வருஷம் ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. வேப்பமரத்தடியில் யாரும் பேசவில்லை. எதிர்க் கடையில் வெல்டிங் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

"2028 வரைக்கும் ஆர்.சி. இருக்குல்லா" என்றார் அப்பா. அந்த வரியை நான் அடிக்கவும் இல்லை, புள்ளி வைக்கவும் இல்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், மழை, மாங்காய் எல்லாம் பேசி முடித்த பிறகு போகிறபோக்கில் சொன்னார். "பின் சாக்கப்சர் ரெண்டும் மாத்திட்டேன்."

"எவ்வளவு ஆச்சுப்பா? அனுப்பி விடட்டுமா?"

"அது எதுக்கு உனக்கு? டைரியில எழுதியாச்சு."